புறாவின் மூளையில் பிறந்த முறிமருந்து

டைமெர்காப்ரால் என்று ஓர் ஊசிமருந்து இருக்கிறது. இரண்டு மில்லிலிட்டர் பிடிக்கும் சிறிய ஆம்பூல். உள்ளே கடலை எண்ணெயில் கலந்த மருந்து. உடைத்தால் பூண்டு கெட்டுப்போன நெடி அறையெங்கும் ஏறும். இதை நரம்பில் போடக்கூடாது. சதையில் ஆழமாக இறக்க வேண்டும், அதுவும் தொடக்கத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. போட்ட இடம் கடுத்துப்போகும், ரத்த அழுத்தம் ஏறும், கண்ணில் நீர் வழியும். இத்தனை இடைஞ்சல் இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. வெள்ளைப் பாஷாணம் வயிற்றுக்குள் போன ஆளுக்கும், பாதரச உப்பை விழுங்கியவருக்கும், ஈயம் மூளையைத் தாக்கி வலிப்பு கண்ட குழந்தைக்கும் உயிர்பிடித்துக் கொடுத்த மருந்து இது.

இதன் பழைய பெயர் பி.ஏ.எல். விரித்தால், பிரிட்டிஷ் ஆன்டி லூயிசைட். லூயிசைட் என்பது ஒரு போர்விஷம். ஆகவே இந்த மருந்தின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் 1940-ல், குண்டு விழுந்துகொண்டிருந்த இங்கிலாந்தில் தொடங்குவார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. போர் வந்ததும் நாலைந்து பேர் உட்கார்ந்து யோசித்து ஒரு முறிமருந்தைக் கண்டுபிடித்துவிடவில்லை. அதற்கு முன்பே பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் தீட்டிய அரிசி தின்ற புறாக்களின் மூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புறாக்கள் இல்லையென்றால் இந்த ஆம்பூல் இல்லை.

அவர் பெயர் ருடால்ஃப் பீட்டர்ஸ். 1889-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸிடம் உயிர்வேதியியல் கற்றவர். மருத்துவப் பட்டமும் பெற்றிருந்ததால் முதல் உலகப் போரில் படை மருத்துவராக பிரான்சின் போர்முனைக்குப் போனார். அங்கே காட்டிய துணிச்சலுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் இரண்டு முறை கிடைத்தது. 1917-ல் அவரைப் போர்முனையிலிருந்து விலக்கி, விஷவாயு ஆராய்ச்சி நடந்த போர்ட்டன் டவுனுக்கு அழைத்துக்கொண்டார்கள். வாயு பட்ட மனிதர்களையும், வாயு என்ன செய்கிறது என்ற ஆய்வையும் அடுத்தடுத்துப் பார்த்த இளைஞர் அவர். போர் முடிந்தபின் 1923-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியரானார். 1954 வரை அந்த நாற்காலி அவருடையது.

அங்கே போய் அவர் எடுத்துக்கொண்ட வேலைக்கும் விஷத்துக்கும் வெளிப்பார்வைக்கு ஒரு தொடர்பும் இல்லை. வைட்டமின் பி1, அதாவது தயமின். ஜாவாவின் படேவியாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிடு கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டிருந்தார். மனிதருக்கு வரும் பெரிபெரி நோயின் கோழி வடிவம் அது. நம் குன்னூரிலும் இதே வேலை நடந்தது. ராபர்ட் மக்கேரிசன் அங்கே புறாக்களுக்குத் தீட்டிய அரிசி போட்டு, உடம்பின் ஒவ்வோர் உறுப்பும் எப்படிக் கெடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆந்திரத்தின் வடகரையில் பச்சரிசி தின்றவர்களிடையே பெரிபெரி ஏன் அதிகம், புழுங்கலரிசி தின்ற தமிழ்ப் பக்கத்தில் ஏன் குறைவு என்ற கேள்விக்கும் அவர் விடை தேடினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது இன்று நமக்குத் தெரியும்.

பீட்டர்ஸ் கேட்ட கேள்வி வேறு. தயமின் குறைந்த புறாவுக்குத் தலை பின்னோக்கி வளைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். வலிப்பு வரும். சாகக் கிடக்கும். அந்த நிலையில் கொஞ்சம் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்துக்குள் தலை நிமிர்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் இரை பொறுக்கும். நரம்பு செத்துப்போயிருந்தால் இவ்வளவு சீக்கிரம் எப்படித் திரும்பும்? சாகக் கிடக்கும் புறாவின் மூளையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தாலும் அந்த வேகமான மீட்சிக்கு ஈடுகொடுக்கும் சிதைவு எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குக் காயமே இல்லை; உயிரோ போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் காயம் வேதிவினைகளுக்குள் இருக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். நோயுற்ற புறாவின் மூளையை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் இட்டு அது எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கிறது என்று அளந்தார்கள். நல்ல புறாவின் மூளையைவிடக் குறைவாக இழுத்தது. அதே குடுவைக்குள் தயமினைச் சேர்த்தார்கள். மூளைத் திசு மீண்டும் ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கியது. உடம்புக்கு வெளியே, ஒரு குடுவைக்குள், ஒரு நோய் குணமாவதை அளந்து பார்த்த பரிசோதனை இது. உயிர்வேதியியலின் அழகான பரிசோதனைகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். 1931-ல் இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்: உயிர்வேதிக் காயம். திசு சிதையும் முன்பே, ஒரே ஒரு வேதிவினை தடைபட்டு அதனால் உறுப்பு செயலிழந்துபோகும் நிலை.

எந்த வினை என்பதும் சில ஆண்டுகளில் தெளிந்தது. சர்க்கரை உடம்பில் எரியும் வழியில் பைருவிக் அமிலம் என்ற ஓர் இடைப்பொருள் உருவாகும். அது மேலும் எரிய தயமின் வேண்டும். தயமின் இல்லாத மூளையில் பைருவிக் அமிலம் எரியாமல் தேங்கிவிடுகிறது. மூளை தன் சக்திக்குச் சர்க்கரையையே நம்பியிருப்பதால் முதல் அடி அங்கே விழுகிறது. இந்தப் பைருவிக் அமில வேலையில் பீட்டர்ஸோடு நின்ற இளைஞர்களில் ஒருவர் ராபர்ட் தாம்சன். அவர் பெயர் மறுபடியும் வரும்.

இனி அந்த விஷத்தின் பக்கம் போகலாம். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் நியூலண்ட் என்ற பாதிரியார் மாணவர் அசெட்டிலின் வாயுவை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அதை ஆர்சனிக் டிரைகுளோரைடோடு சேர்த்தபோது கருமையான, கெட்ட நாற்றமுள்ள ஏதோ உருவானது. அதன் நெடி அவரை மருத்துவமனையில் தள்ளியது. அத்தோடு அந்தப் பக்கமே திரும்பாமல் விட்டுவிட்டார். ஆனால் ஆய்வேட்டில் அந்தக் குறிப்பு நிலைத்துவிட்டது. 1918-ல் போர்விஷம் தேடிக்கொண்டிருந்த வின்ஃபோர்ட் லீ லூயிஸ் அதே பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வேட்டைப் படித்து, கலவையைச் சுத்தப்படுத்தி, உள்ளிருந்த ஆர்சனிக் சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். லூயிசைட் என்ற பெயர் அவரால் வந்தது. ஜெரேனியப் பூவின் வாசனை இதற்கு உண்டு என்பார்கள். தோலில் பட்ட உடனே எரியும், கொப்புளம் எழும், கண்ணில் பட்டால் பார்வை போகும். தோல் வழியே உள்ளிறங்கும் ஆர்சனிக் உடம்பு முழுவதையும் தாக்கும். ஒஹாயோ மாநிலத்தில் அவசர அவசரமாகத் தொழிற்சாலை அமைத்து உற்பத்தி செய்தார்கள். ஐரோப்பியப் போர்முனையை அது எட்டுமுன், போர் நின்ற 1918 நவம்பர் 11 வந்துவிட்டது.

அடுத்த போரில் எதிரி இதை வீசுவான் என்ற பயம் எல்லா நாட்டுக்கும் இருந்தது. 1939-ல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு பீட்டர்ஸின் ஆய்வகத்திடம் கொப்புளம் எழுப்பும் போர்விஷங்களின் வேலையை ஒப்படைத்தது. பீட்டர்ஸ், தாம்சன், இவர்களோடு லாயிட் ஸ்டாக்கன் என்ற இளம் வேதியியலாளர்.

விஷத்துக்கு முறி தேடுகிறவர்கள் அதற்கு முன் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், கையில் கிடைத்த ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆர்சனிக்குக்கு ஈரமான இரும்பு ஆக்ஸைடு குடிக்கக் கொடுப்பது பழைய வைத்தியம். வயிற்றில் இருக்கும் விஷத்தை அது பிடிக்கும், ரத்தத்தில் போய்விட்டதை ஒன்றும் செய்யாது. பீட்டர்ஸிடம் வேறு பழக்கம் இருந்தது. புறாவிடம் கேட்ட கேள்வியையே அவர் விஷத்திடமும் கேட்டார்: இது உடம்பில் எந்த ஒரு வினையைத் தடுக்கிறது? அவர் ஆய்வகத்தில் பைருவிக் அமிலம் எரிவதை அளக்கும் ஏற்பாடு ஏற்கெனவே கைப்பழக்கமாக இருந்தது. அந்த மூளைத் திசுவில் ஆர்சனிக்கையும் லூயிசைட்டையும் மிகமிகக் குறைந்த அளவில் சேர்த்துப் பார்த்தார்கள். மற்ற நொதிகள் பல தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, பைருவிக் அமிலத்தை எரிக்கும் அமைப்பு மட்டும் படுத்துவிட்டது.

தயமின் இல்லாதபோது எந்த இடத்தில் அடைப்பு ஏற்பட்டதோ ஏறக்குறைய அதே இடத்தில் ஆர்சனிக்கும் கை வைத்திருந்தது. பட்டினிக்கும் பாஷாணத்துக்கும் உடம்புக்குள் ஒரே முகவரி. இதைக் கண்டதும் அந்த ஆய்வகத்தில் என்ன உணர்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கையில் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. பதினைந்து ஆண்டு உழைப்பு, யாரும் எதிர்பாராத ஒரு திசையில் பயன்பட்டது.

ஆர்சனிக் அந்த நொதியில் எதைப் பிடித்துக்கொள்கிறது? இதற்கு ஒரு பழைய துப்பு இருந்தது. மேகநோய்க்கு ஆர்சனிக் மருந்தான சல்வர்சானை 1910-ல் கொண்டுவந்த பால் எர்லிக், விஷம் வேலை செய்ய வேண்டுமென்றால் உயிரணுவில் எதிலாவது ஒட்டியாக வேண்டும் என்று வலியுறுத்தியவர். 1920-களில் அமெரிக்காவில் கார்ல் வோக்ட்லின் குழுவினர், அந்த ஒட்டுமிடம் புரதங்களின் கந்தக முனைதான் என்று காட்டினார்கள். கந்தகத்தோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் முனை. குளூட்டதயோன் போன்ற, அதே முனையுள்ள பொருளை நிறையக் கொடுத்தால் ஆர்சனிக்கின் வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது.

அப்படியென்றால் கந்தக முனையுள்ள ஏதாவது ஒன்றை ஊற்றினால் போதுமே? ஆக்ஸ்ஃபோர்டு குழு ஊற்றிப் பார்த்தது. ஒற்றைக் கந்தக முனை கொண்ட பொருள்களை, ஆர்சனிக்கைவிடப் பல மடங்கு அதிகமாகக்கூடச் சேர்த்துப் பார்த்தார்கள். பைருவிக் அமிலம் எரியும் அமைப்பு எழுந்திருக்கவில்லை. விஷம் நொதியைப் பிடித்த பிடியை விடவில்லை.

விடை முடியிலிருந்து வந்தது. முடியும் தோலின் மேற்பரப்பும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அதில் கந்தகம் நிறைய. ஸ்டாக்கனும் தாம்சனும் கெரட்டினை வேதிமுறையில் பக்குவப்படுத்தி, அதன் கந்தக முனைகளைத் திறந்துவிட்டு, லூயிசைட்டோடு வினைபுரிய விட்டார்கள். பிறகு எத்தனை ஆர்சனிக் எத்தனை கந்தகத்தைப் பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆர்சனிக்கின் பெரும்பகுதி ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பிடித்திருந்தது. ஒவ்வோர் ஆர்சனிக் அணுவும் அருகருகே இருந்த இரண்டு கந்தகங்களை எட்டிப் பிடித்து வளையமாக்கிக்கொண்டிருந்தது. வளையமான பிணைப்பு எளிதில் அவிழாது. ஒற்றை முனைப் பொருள்கள் ஏன் தோற்றன என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது: அவை ஒரு கையால் இழுத்தன, நொதியோ இரண்டு கையால் பிடித்திருந்தது.

இனிச் செய்ய வேண்டியது தெளிவு. அருகருகே இரண்டு கந்தக முனைகளைக் கொண்ட, உயிரணுவுக்குள் நுழையக்கூடிய சிறிய மூலக்கூறு ஒன்று வேண்டும். அது ஆர்சனிக்கோடு நொதியைவிட இறுக்கமான வளையம் கட்ட வேண்டும். 1940-ல் ஸ்டாக்கன் அதைத் தயாரித்தார். மூன்று கார்பன் கொண்ட சின்னச் சங்கிலி. பக்கத்துப் பக்கத்துக் கார்பன் இரண்டில் ஒவ்வொரு கந்தக முனை, மூன்றாவதில் தண்ணீரோடு கொஞ்சம் இணங்குவதற்காக ஓர் ஆல்கஹால் முனை. ஆய்வகக் குறியீடு ஓ.எக்ஸ். 217.

குடுவையில் சோதித்தார்கள். ஆர்சனிக் பட்டுப் படுத்துவிட்ட மூளைத் திசுவில் இதைச் சேர்த்ததும் பைருவிக் அமிலம் மறுபடியும் எரிந்தது. விஷம் போட்ட பிறகு மருந்து, அதற்குப் பிறகு மீட்சி. முன்கூட்டியே காப்பது ஒரு வகை. பிடித்துவிட்ட விஷத்தைப் பிடுங்குவது வேறு வகை. இது இரண்டாவது. லூயிசைட் தடவிய விலங்குகளின் தோலில் பூசினார்கள். கொப்புளம் தடைபட்டது, சிறுநீரில் ஆர்சனிக் அதிகமாக வெளியேறியது. கண் மருத்துவர் ஐடா மானும் உயிர்வேதியியலாளர் அன்டோனெட் பிரியும் கண்ணில் சோதித்தார்கள். லூயிசைட் பட்ட சில நிமிடங்களுக்குள் மருந்தை விட்டால் கண் தப்பியது. இந்தச் சோதனைகளில் எத்தனையோ முயல்களும் எலிகளும் கண்ணும் உயிரும் இழந்தன. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது முறையாகாது.

எல்லாம் ரகசியமாக நடந்தது. அமெரிக்கர்களுக்குச் செய்தி போனது. அவர்கள்தாம் இதற்கு பிரிட்டிஷ் ஆன்டி லூயிசைட் என்று பெயரிட்டார்கள். களிம்பாகச் செய்து படைகளுக்குத் தயாராக வைத்தார்கள். ஆனால் ஐரோப்பியப் போர்முனையில் எந்தப் படையும் லூயிசைட்டை வீசவில்லை. எந்த விஷத்துக்காக இந்த மருந்து பிறந்ததோ அதோடு மோதும் வேளை அதற்கு வரவேயில்லை. 1945 நவம்பரில் நேச்சர் இதழில் பீட்டர்ஸ், ஸ்டாக்கன், தாம்சன் மூவரும் கட்டுரை வெளியிட்டபோதுதான் உலகம் இதை அறிந்தது.

அதற்குள் மருத்துவமனைகளில் வேறு வேலை கிடைத்துவிட்டது. பெனிசிலின் பரவலாகும் வரை மேகநோய்க்கு ஆர்சனிக் ஊசிகளே கதி. சிலருக்கு அந்த ஊசியே எமனாகும். உடம்பெல்லாம் தோல் உரிந்து, மூளை வீங்கி இறப்பார்கள். பி.ஏ.எல். போட்டதும் அவர்களில் பலர் மீண்டார்கள். பிறகு பாதரசம். மெர்குரிக் குளோரைடை விழுங்கியவர்கள் சிறுநீரகம் செயலிழந்து சாவது அன்று சாதாரணம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லாங்கோப்பும் லூட்சரும் அவர்களுக்கு உடனடியாக பி.ஏ.எல். கொடுத்து உயிர்களைக் காப்பாற்றியதை 1946-ல் அறிவித்தார்கள். மூட்டுவாதத்துக்குத் தங்க உப்பு ஊசி போட்டு அதன் நச்சால் அவதிப்பட்டவர்களுக்கும் இது உதவியது. கன உலோகங்கள் பலவும் கந்தகத்தை விரும்புபவை என்பதால் ஆர்சனிக்குக்காகச் செய்த பொறியில் அவையும் விழுந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி செம்பின் கதை. 1912-ல் லண்டனில் கின்னியர் வில்சன் ஒரு குடும்பநோயை விவரித்தார். பதின்வயதிலோ இருபதுகளிலோ கை நடுங்கத் தொடங்கும். பேச்சு குழறும், விழுங்க முடியாது, உடம்பு விறைத்துப்போகும், கல்லீரலும் சுருங்கியிருக்கும். கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். வந்தவர்கள் எல்லோரும் இறந்தார்கள். இறந்தவர்களின் மூளையிலும் கல்லீரலிலும் செம்பு மிகுதியாக இருப்பதை அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கொருவர் இங்கொருவராகக் கண்டார்கள். 1948-ல் லண்டனில் ஜான் கமிங்ஸ் அதை உறுதியாக அளந்து, பி.ஏ.எல். கொடுத்துப் பார்க்கலாமே என்றார். அதே ஆண்டில் இன்னொரு குழு, வேறொரு நரம்பு நோயில் செம்பின் பங்கைத் தேடும்போது, ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்திருந்த வில்சன் நோயாளிக்கு பி.ஏ.எல். போட்டதும் சிறுநீரில் செம்பு கூடியதைக் கண்டது. 1951-ல் பாஸ்டனில் டென்னி-பிரவுனும் போர்ட்டரும் பி.ஏ.எல். ஊசியால் தங்கள் நோயாளிகளின் நடுக்கமும் விறைப்பும் குறைவதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் கமிங்ஸும் தம் நோயாளிகளைப் பற்றி எழுதினார். படுத்த படுக்கையாகப் போகவேண்டியவர்கள் எழுந்து வேலை செய்தார்கள். பரம்பரையாக வரும் ஒரு மூளைநோயை மருந்தால் திருப்ப முடியும் என்பதை அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஆயுள் முழுக்க வேண்டிய மருந்தை, வலிக்கும் எண்ணெய் ஊசியாக எத்தனை காலம் போடுவது? ஊசிபோட்ட இடமெல்லாம் சீழ்கட்டியது. நாளாக ஆக மருந்தின் வீரியமும் குறைந்தது. பாஸ்டனில் டென்னி-பிரவுனின் நோயாளியைப் பார்க்க நேர்ந்த ஜான் வால்ஷ் என்ற இளம் ஆங்கில மருத்துவருக்கு ஒரு நினைவு வந்தது. பெனிசிலின் சாப்பிட்ட கல்லீரல் நோயாளிகளின் சிறுநீரில் பெனிசிலமைன் என்ற பொருளை அவர் முன்பே கண்டிருந்தார். அதன் அமைப்பு செம்பைப் பிடிக்கும் என்று ஊகித்தார். முதல் மாத்திரையைத் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டுப் பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். 1956-ல் அது வெளிவந்தது. வில்சன் நோய்க்கு வாய்வழி மருந்து பிறந்தது. பி.ஏ.எல். அந்த இடத்தை விட்டு விலகியது, வழியைத் திறந்துவிட்டு.

குறைகள் வேறும் இருந்தன. சில மருத்துவர்கள் ஆர்வத்தில் எல்லா உலோகத்துக்கும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். காட்மியத்தோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கூடுதல் கேடு. மெத்தில் பாதரசத்தில் கொடுக்கவே கூடாது, விஷத்தை மூளைக்குள் கொண்டுபோய்விடும். பி.ஏ.எல். கொழுப்பில் கரைவது, அதனால்தான் உயிரணுவுக்குள் எளிதாகப் புகுகிறது, அதனாலேயே பிடித்த விஷத்தைச் சுமந்துகொண்டு மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த எண்ணெயே ஆபத்து. ஈயத்தில் இதைத் தனியாகக் கொடுப்பதைவிட இ.டி.டி.ஏ. என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் மூளை தாக்கப்பட்ட குழந்தைகள் அதிகம் பிழைக்கிறார்கள் என்பதை 1960-களில் பால்டிமோரில் ஜூலியன் சிசோம் நிறுவினார். சுவர்ப் பூச்சின் ஈயத்தைச் சுரண்டித் தின்ற ஏழை வீட்டுக் குழந்தைகள் அவருடைய நோயாளிகள்.

வேதியியலாளர்கள் அந்த இரட்டைக் கந்தகத்தை விடாமல் மற்ற பகுதியை மாற்றினார்கள். தண்ணீரில் கரையும் தங்கைகள் இருவர் பிறந்தார்கள்: சோவியத் நாட்டில் டி.எம்.பி.எஸ்.; சீனாவில் 1960-களிலிருந்து ஈயத் தொழிலாளர்களுக்குப் பயன்பட்ட டி.எம்.எஸ்.ஏ. இரண்டாமவளை வாயால் சாப்பிடலாம். ஈயம் ஏறிய குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு 1991-ல் அதற்கு அனுமதி கொடுத்தது.

ஆப்பிரிக்காவில் இந்த மருந்தை நேர்மாறாகப் பயன்படுத்திய ஒருவரும் உண்டு. சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஃப்ரீட்ஹைம், தூக்கநோய்க் கிருமியைக் கொல்லும் ஓர் ஆர்சனிக் மருந்தோடு பி.ஏ.எல்லை வேதிமுறையில் பிணைத்தே மெலார்சோப்ராலைச் செய்தார். 1949 முதல் அது புழக்கத்துக்கு வந்தது. முறிமருந்தைக் கட்டினால் விஷத்தின் வேகம் தணியும், கிருமியைக் கொல்லும் திறம் நிற்கும் என்பது கணக்கு. பாதி பலித்தது. மூளையில் இறங்கிவிட்ட தூக்கநோயைப் பல பத்தாண்டுகள் அது மட்டுமே குணப்படுத்தியது. ஊசி ஏறும்போது நரம்பு தீயாய் எரியும், நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மருந்தாலேயே மூளை பாதிக்கும், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறப்பார்கள். வேறு வழியில்லாத மனிதர்கள் இதைத் தெரிந்தே கை நீட்டினார்கள்.

நம் நாட்டில் ஆர்சனிக் என்றால் மேற்கு வங்கத்துக் குழாய்க் கிணறுகள் நினைவுக்கு வரும். ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்துத் தோல் தடித்து, கல்லீரல் கெட்டவர்களுக்கு பி.ஏ.எல்லின் தங்கை உதவுமா என்று கொல்கத்தாவில் குஹ மஜும்தார் தலைமையிலான மருத்துவர்கள் சோதித்தார்கள். 1998-ல் வந்த முடிவு: டி.எம்.எஸ்.ஏ. எடுத்தவர்களும் வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். இரு சாராரும் ஆர்சனிக் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அடுத்து டி.எம்.பி.எஸ். கொடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் பலன் தெரிந்தது. இந்த மருந்துக் குடும்பம் நேற்று உள்ளே போன விஷத்தைப் பிடுங்குவதில் வல்லது. இருபது ஆண்டு ஊறிய கேட்டை அதால் திருப்பிவிட முடியாது. ஊருக்கு நல்ல கிணறு தோண்டுவதற்குப் பதிலாக மாத்திரை கொடுத்துவிடலாம் என்று யாரும் எண்ண இடமில்லாமல் செய்த ஆய்வு அது.

பீட்டர்ஸ் இதற்குள் அடுத்த விஷத்துக்குப் போயிருந்தார். தென்னாப்பிரிக்காவில் கால்நடைகளைக் கொல்லும் ஒரு செடியின் ஃப்ளூரோ அசெட்டேட். அது தன்னளவில் பெரிய கேடு செய்யாமல், உடம்பின் நொதிகளாலேயே கொடிய விஷமாகக் கட்டியெழுப்பப்படுகிறது என்று காட்டினார். சாவைச் செய்யும் தொகுப்பு என்ற பொருளில் அவர் வைத்த பெயர் இன்றும் பாடநூல்களில் உண்டு. 1952-ல் சர் பட்டம் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஓய்வு பெற்றபின்னும் கேம்பிரிட்ஜ் பக்கம் போய் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1982-ல் 92 வயதில் இறந்தார்.

ஒரு கேள்வி மட்டும் 1940-லிருந்து பாக்கி நின்றது. ஸ்டாக்கனும் தாம்சனும் இரட்டைக் கந்தகத்தைக் கண்டது முடியின் கெரட்டினில். பைருவிக் அமிலத்தை எரிக்கும் அமைப்பில் அப்படி இரண்டு கந்தகங்கள் அருகருகே இருக்கும் என்பது ஊகம்; மருந்து பலித்ததால் ஊகம் சரியாக இருக்க வேண்டும் என்று கொண்டார்கள். அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று எவரும் கண்டதில்லை. 1951-ல் அமெரிக்காவில் லெஸ்டர் ரீட் குழுவினர் ஏறக்குறைய பத்து டன் கல்லீரல் கழிவைப் பதப்படுத்தி, அதிலிருந்து 30 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தார்கள். லிப்போயிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். பைருவிக் அமிலம் எரியும்போது தயமினின் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்வது இதுதான். அதன் ஒரு முனையில் இரண்டு கந்தகங்கள். நடுவே மூன்று கார்பன்கள். ஆர்சனிக் அவற்றைப் பிடித்தால் ஆறு அணு வளையம் உருவாகும். ஸ்டாக்கனின் மூலக்கூறில் கந்தகங்களைத் தாங்குபவை பக்கத்துப் பக்கத்து இரண்டு கார்பன்கள். ஆர்சனிக் அங்கே ஐந்து அணு வளையம் கட்டும். அது இன்னும் இறுக்கமானது. அதனால்தான் ஆர்சனிக் நொதியை விட்டுவிட்டு மருந்தோடு போயிற்று.